லூர்து நிலத்தடிப் பேராலயம்: காலியாக இருக்கும்போது பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள்

மாதா காட்சி கொடுத்த பிரான்ஸின் லூர்து நகருக்குப் போகிற நம்மவர்கள் பெரும்பாலும் கெபி (காட்சி நடந்த பாறைக் குகை), ஊற்றுத் தண்ணீர், இரவு மெழுகுவர்த்திப் பவனி, மேலே கோபுரத்தோடு நிற்கும் வெள்ளைக் கோவில், இத்தனையையும் பார்த்து முடித்துவிட்டு மனம் நிறைந்து திரும்பிவிடுகிறார்கள். அந்த வளாகத்திலேயே பெரிய கோவில் எது என்று கேட்டுப் பாருங்கள், பாதிப் பேருக்குத் தெரியாது. அவர்கள்மேல் தப்பில்லை, அது கண்ணில் படாது. பவனி போகிற அகன்ற வெளிக்குப் பக்கத்தில், புல்தரைக்குக் கீழே இருக்கிறது. புனித பத்தாம் பத்திநாதர் பேராலயம் (பசிலிக்கா). 25,000 பேர் வரை கொள்ளும் என்கிறார்கள், அத்தனையும் பூமிக்குள்.

நான் போனது அம்மாவோடு. அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டது, சக்கர நாற்காலி இல்லாமல் முடியாது. இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: அந்தக் கோவிலைப் பற்றி நான் நினைப்பதெல்லாம் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனவன் நினைப்பது. கேமராவை மட்டும் தூக்கிக்கொண்டு தனியாகப் போயிருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

எங்களைக் கூட்டிப்போன பயண ஏற்பாட்டாளர் (பெயர் வேண்டாம்) இந்தக் கோவிலுக்கு ஒதுக்கியிருந்தது பத்து நிமிடம். செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாடு முடிந்து எல்லோரும் தூக்கக் கலக்கத்தில் இருந்த நேரம். சரிவுப் பாதையில் இறங்கி உள்ளே போனோம். மங்கலான வெளிச்சம், சாம்பல் நிறக் கான்கிரீட், தாழ்வான கூரை, வரிசை வரிசையாக ஆளில்லாத பெஞ்சுகள், தூரத்தில் எங்கோ ஒரு மேடை. வெயிலிலிருந்து வந்ததால் சில்லென்று ஒரு குளிர் வேறு. அம்மா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "என்னப்பா, வண்டி நிறுத்துற இடத்துக்குக் கூட்டிட்டு வந்துட்டியா?" என்று கேட்டார்கள். உண்மையாகவே வழி தப்பிவிட்டோம் என்று நினைத்துக் கேட்டது அது. குழுவில் ஒருவர் "இதுக்குப் போய் பசிலிக்கான்னு பேரா" என்றார். எனக்கும் அதே எண்ணம்தான். பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டோம். பலர் இந்த இடத்தோடு முடித்துக்கொள்கிறார்கள், அதனால்தான் மீதியை எழுதுகிறேன்.

அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு நற்கருணைப் பவனி, அதாவது இயேசுவின் உடலாக வணங்கும் அப்பத்தை ஏந்திப் போகும் ஊர்வலம். பவனி கடைசியில் முடிவது இந்தக் கோவிலுக்குள்தான், அங்கேதான் நோயாளிகளுக்கு ஆசீர்வாதம். நீலக் கூரை போட்ட வண்டிகளில், சக்கர நாற்காலிகளில், சிலர் படுத்த படுக்கையாகவே கட்டிலோடு, தன்னார்வலர்கள் தள்ளிக்கொண்டு போக நாங்களும் அந்த வரிசையில் சேர்ந்துகொண்டோம். மதியம் பார்த்த அதே சரிவுப் பாதை. ஆனால் அப்போதுதான் ஒன்று உறைத்தது. வெளியே இருந்த சாலையிலிருந்து பீடத்துக்குப் பக்கத்தில் எங்கள் இடம் வரைக்கும் ஒரு படிகூடக் கிடையாது. நாற்காலியை ஒரு முறைகூடத் தூக்கவில்லை, பின்னால் சாய்க்கவில்லை, யாரையும் கைகொடுக்கச் சொல்லவில்லை. சக்கர நாற்காலி தள்ளியவர்களுக்குத் தெரியும், எந்தப் பழைய கோவிலுக்குப் போனாலும் ஒரு பக்கவாட்டுக் கதவு, ஒரு மரப்பலகை, "கொஞ்சம் பொறுங்க, சாவி கொண்டுவரச் சொல்றேன்" என்று ஒருவர். இங்கே நோயாளிகளுக்கென்று தனி வழி இல்லை. எல்லோரும் வருகிற அகலமான வழியே அவர்களுடையது, அதில் அவர்கள்தான் முதலில் போகிறார்கள், நடக்க முடிந்தவர்கள் பின்னால் வருகிறார்கள்.

உள்ளே தரையும் நடுவை நோக்கி லேசாகச் சரிகிறது. நடக்கும்போது கவனிக்க மாட்டீர்கள், நாற்காலி தள்ளும்போது கை சொல்லிவிடும், அது தானாகவே பீடத்தை நோக்கி உருள்கிறது.

பீடம் நடுவில் இருக்கிறது, அது சாதாரண விஷயமில்லை. கோவில் நீள்வட்ட வடிவம், 191 மீட்டர் நீளம், 61 மீட்டர் அகலம், அதாவது நீளத்தில் இரண்டு கால்பந்து மைதானத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. வழக்கம்போல பீடத்தை ஒரு முனையில் வைத்திருந்தால் கடைசி வரிசைக்காரர் கிட்டத்தட்ட 190 மீட்டர் தள்ளி நின்று எறும்பு அளவு சாமியாரைப் பார்த்திருப்பார். நடுவில் வைத்ததால் அந்தத் தூரம் பாதியாகிவிட்டது. அதைவிட முக்கியம், எதிர்ப்பக்கம் இருப்பவர்களின் முகம் தெரிகிறது. சாதாரணக் கோவிலில் நமக்குத் தெரிவது முன்னால் இருப்பவரின் முதுகு. இங்கே பீடத்துக்கு அந்தப் பக்கம், ஆயிரக்கணக்கான முகங்கள், நம்மைப் போலவே நோயாளியைக் கூட்டி வந்த முகங்கள்.

இதைக் கட்டிய வருடத்தைப் பாருங்கள். 1958. அப்போது உலகின் பெரும்பாலான இடங்களில் பூசை லத்தீனில், குருவானவர் பெரும்பாலும் மக்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான். இந்த வழக்கம் மாற வழிசெய்த ஆயர்கள் மாநாடான இரண்டாம் வத்திக்கான் சங்கம் தொடங்கியதே 1962இல். அதற்கு முன்பே பீடத்தை மக்கள் நடுவில் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். இந்தக் கோவிலை 1958 மார்ச் 25 அன்று அர்ச்சித்தவர் (வழிபாட்டுக்காகப் புனிதப்படுத்தியவர்) அப்போது வெனிஸ் நகரின் முதுபெரும் தந்தையாக இருந்த கர்தினால் ரொன்காலி. அதற்கு முன் பாரிஸில் திருத்தந்தையின் தூதராக இருந்தவர். ஏழே மாதத்தில் அவரே திருத்தந்தை 23ஆம் யோவான் ஆனார், அந்தச் சங்கத்தைக் கூட்டியவரும் அவர்தான். இதிலிருந்துதான் அவருக்கு அந்த எண்ணம் வந்தது என்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து இதை நினைத்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

மார்ச் 25 என்ற தேதியும் சும்மா எடுத்ததில்லை. 1858 பிப்ரவரி 11 தொடங்கி ஜூலை 16 வரை மாதா பெர்னதெத் என்ற ஊர்ச் சிறுமிக்கு 18 முறை காட்சி கொடுத்தார். "நாமே அமல உற்பவம்" (ஜென்மப் பாவமில்லாமல் உருவானவர்) என்று தன் பெயரைச் சொன்னது அந்த வருடம் மார்ச் 25இல். அதுவும் பிரெஞ்சில் இல்லை, அந்த 14 வயதுப் பிள்ளை வீட்டில் பேசிய ஊர்ப் பேச்சில். சரியாக நூறு வருடம் கழித்து அதே நாளில் அர்ச்சிப்பு. நூற்றாண்டுக்கு வரப்போகும் கூட்டத்துக்காகத்தான் இந்தக் கோவிலையே கட்டினார்கள். திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் பெயரை ஏன் வைத்தார்கள் என்று முதலில் புரியவில்லை. அவர் சிறு பிள்ளைகளுக்கும் நற்கருணை கொடுக்கலாம் என்று 1910இல் திறந்துவிட்டவர், 1954இல்தான் புனிதர் பட்டம். நற்கருணைப் பவனி வந்து சேரும் கோவிலுக்கு அந்தப் பெயர் பொருத்தம்தான்.

சரி, ஏன் பூமிக்குள்? இது எனக்கு மிகவும் பிடித்த பகுதி, கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

லூர்தின் மையம் கெபி. பாறை, பக்கத்தில் காவ் ஆறு, எதிரில் புல்வெளி. கெபிக்கு மேலே பாறையின்மீது 1876இல் அர்ச்சித்த அமலோற்பவ மாதா பேராலயம் ஊசிக் கோபுரத்தோடு நிற்கிறது. அதன் காலடியில் 1901இல் அர்ச்சித்த செபமாலை மாதா பேராலயம், இரண்டு பக்கமும் கைகளை விரித்த மாதிரி வளைந்த பாதைகள். இந்தக் காட்சிக்கு முன்னால் 25,000 பேருக்கான ஒரு கட்டடத்தைத் தரைக்கு மேலே எழுப்பினால் என்ன ஆகும்? கெபியும் கோபுரமும் அதன் பின்னால் பொம்மை மாதிரி ஆகியிருக்கும். அப்போது ஆயராக இருந்த தெயாஸ் ஆண்டகையும் கட்டடக் கலைஞர் பியேர் வாகோவும் எடுத்த முடிவு, கோவிலைத் தரைக்குள் இறக்கிவிடுவது. இருப்பதிலேயே பெரியதைக் கட்டி, அதை இருப்பதிலேயே பணிவான இடத்தில் வைத்துவிட்டார்கள். மேலே புல் முளைத்திருக்கிறது. யாத்திரிகர்கள் அந்தப் பக்கமாக நடந்து போகிறார்கள், கீழே ஒரு பேராலயம் இருப்பது தெரியாமல்.

இறக்கிவிடுவது சுலபமும் இல்லை. தலைக்கு மேலே மண், ஒரு பக்கம் சாலை. அத்தனை பாரத்தையும் நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல், அதுவும் தாழ்வான கூரையால் தாங்க வேண்டும். உயரமான வளைவு கட்டினால் தாங்கிவிடும், ஆனால் உயரத்துக்கு இங்கே இடமில்லை. இதற்காக யூஜீன் ஃப்ரெசினே என்ற பொறியாளர் வந்தார், முன்னழுத்தக் கான்கிரீட்டை உலகத்துக்குக் கொண்டுவந்த மனிதர், அப்போது அவருக்கு வயது எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. கான்கிரீட் அழுத்தினால் நன்றாகத் தாங்கும், இழுத்தால் வெடித்துவிடும். அதனால் உள்ளே எஃகுக் கம்பிகளை விட்டு, அவற்றை இழுத்துக் கட்டி, கான்கிரீட்டை எப்போதும் இறுக்கிப் பிடித்த நிலையிலேயே வைத்துவிடுவது அவர் முறை. மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டாவைச் சூடேற்றி மாட்டுவதைப் பார்த்திருந்தால் இது உடனே புரியும். பட்டா ஆறும்போது சுருங்கி மரத்துண்டுகள் எல்லாவற்றையும் ஒன்றாக நெரித்துப் பிடிக்கும், அதற்கப்புறம் எவ்வளவு பாரம் ஏற்றினாலும் சக்கரம் கழன்று விழாது. இங்கேயும் அதே வேலைதான், 61 மீட்டர் அகலத்துக்கு.

உள்ளிருந்து பார்க்கும்போது கூரையைத் தாங்கும் அந்தக் கான்கிரீட் சட்டங்கள் இரு பக்கமும் சாய்ந்த கால்களாக ஊன்றி, மேலே தட்டையாக வளைந்து எதிர்ப்பக்கம் போய் இறங்குகின்றன. ஒன்றன்பின் ஒன்றாக, விலா எலும்பு மாதிரி. கவிழ்த்துப்போட்ட தோணிக்குள் உட்கார்ந்திருப்பது போல என்று சிலர் சொல்வார்கள். எனக்கு யோனாவின் ஞாபகம் வந்தது, மீனின் வயிற்றுக்குள்ளிருந்து செபித்த மனிதர். சுவரில் பூச்சு இல்லை, தங்க முலாம் இல்லை, கூரையில் சம்மனசுகள் (தேவதூதர்கள்) இல்லை. எது தாங்குகிறதோ அதுதான் அலங்காரம்.

ஓரத்தில் சுற்றி வரும் பாதையில் படங்கள் மாட்டியிருக்கிறார்கள், அவசியம் பாருங்கள். ஜெம்மாய் என்று ஒரு பிரெஞ்சு முறை, வண்ணக் கண்ணாடித் துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டிப் பின்னால் விளக்கு வைப்பது. சாதாரண வண்ணக் கண்ணாடி ஜன்னலில் இருக்கும் கறுப்பு ஈயக் கோடுகள் இதில் கிடையாது. பூமிக்குள் சூரிய வெளிச்சம் வராது என்பதற்காகவே பிறந்த கலை மாதிரி இருக்கிறது. சிலுவைப்பாதையும் (இயேசுவின் பாடுகளை நிலை நிலையாகக் காட்டும் படங்கள்) செபமாலைத் தேவ இரகசியங்களும் (செபமாலை சொல்லும்போது தியானிக்கும் நிகழ்ச்சிகள்) இந்த முறையில் இருக்கின்றன. அம்மாவை ஒவ்வொரு நிலைக்கும் தள்ளிக்கொண்டு போனேன், நாற்காலி உயரத்திலிருந்தே எல்லாம் தெரிந்தது.

குறைகளும் இருக்கின்றன. வாசல் என்று சொல்லத் தக்க ஒன்று இல்லை. ஒரு பேராலயத்துக்குள் நுழைகிறோம் என்று சொல்லும் ஒரு வளைவோ முகப்போ இல்லாமல் சுரங்கப்பாதை மாதிரி உள்ளே போய்விடுகிறோம், அந்த நுழைவுக்கு இன்னும் கொஞ்சம் யோசித்திருக்கலாம். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால் திசை குழம்பும், வந்த வழியாகத்தான் வெளியே போகிறோமா என்று தெரியாது, குழுவாகப் போகிறவர்கள் எந்த வாசலில் சந்திப்பது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். வெற்றுக் கான்கிரீட் என்பதால் குரல் எதிரொலிக்கும், புதிய மொழியில் பிரசங்கம் கேட்கிறவர்களுக்குக் கஷ்டம். திரைகளில் காட்டுவதால் தூரத்தில் இருப்பவர்கள் சமாளிக்கலாம், ஆனால் திரையைப் பார்க்கப் பழகிவிட்டால் பீடத்தைப் பார்ப்பது குறைந்துவிடுகிறது, எனக்கே அப்படி ஆனது. ஆற்றுப் பக்கம் பூமிக்குள் கட்டியதற்கு விலையும் கொடுத்திருக்கிறார்கள், 2013 ஜூனில் காவ் ஆறு பெருக்கெடுத்து வளாகம் முழுக்கத் தண்ணீர் புகுந்தபோது இந்தக் கோவிலும் மூழ்கியது.

காலியாக இருக்கும்போது இங்கே தனியாக உட்கார்ந்து செபிப்பதும் எனக்குக் கைவரவில்லை. அதற்குக் கெபிதான் சரி. இல்லையென்றால் ஆற்றுக்கு அந்தக் கரையில் 1988இல் திறந்த புனித பெர்னதெத் ஆலயம். கடைசிக் காட்சியின்போது கெபியைப் பலகை அடித்து மறித்திருந்ததால் பெர்னதெத் ஆற்றுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தாள், அந்த இடத்தில் கட்டியது. அதுவும் எளிமையான நவீனக் கட்டடம்தான், பகல் வெளிச்சம் உண்டு.

நவீனக் கோவில் என்றாலே பலர் ரோன்ஷான் குன்றின்மேல் கட்டடக் கலைஞர் லெ கொர்புசியே 1955இல் கட்டிய மாதா கோவிலைச் சொல்வார்கள். அதே நாடு, மூன்றே வருட இடைவெளி, அதுவும் யாத்திரைத் தலம்தான். அதன் அழகுக்குப் பக்கத்தில் லூர்து நிற்க முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது உள்ளே சிறியது. திருநாள் கூட்டத்துக்கு வெளியே ஒரு பீடம், சுவரில் கண்ணாடிக்குள் இருக்கும் மாதா சுரூபத்தை உள்ளேயும் வெளியேயும் பார்க்கும்படி திருப்பிக்கொள்ளலாம். அருமையான யோசனை, நடக்கிற யாத்திரிகர்களுக்கு. லூர்து இருக்கும் பிரனீஸ் மலை மழையில் கட்டிலோடு வந்த நோயாளியைத் திறந்த வெளியில் எத்தனை நேரம் வைத்திருக்க முடியும்? மெக்சிகோவின் குவாதலூப்பேயில் 1976இல் கூடார வடிவில் கட்டிய பசிலிக்கா இந்த லூர்து யோசனைக்குக் கிட்டே வரும், வட்டமாக, எங்கிருந்து பார்த்தாலும் மாதா படம் தெரியும்படி. ஆனால் அது தரைக்கு மேலே, எல்லோருக்கும் தெரியும்படி நிற்கிறது.

புதன்கிழமை காலையில் எங்கள் குழுவுக்குக் கடைத்தெரு என்று போட்டிருந்தார்கள். புதனும் ஞாயிறும் இந்தக் கோவிலில் பன்னாட்டுத் திருப்பலி நடக்கும், அதைவிட்டுக் கடைக்கு வரமாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டார்கள். நல்லதாகப் போயிற்று. ஒவ்வொரு நாட்டுக் குழுவும் தன் கொடியோடும் பதாகையோடும் உள்ளே வந்துகொண்டே இருக்கிறது, அரை மணி நேரமாக வந்துகொண்டே இருக்கிறது, அந்தச் சாம்பல் நிறமெல்லாம் எங்கே போனது என்றே தெரியவில்லை. முந்தின நாள் மதியம் என்னை அழுத்திய தாழ்வான கூரை இப்போது பாட்டை மேலே விடாமல் பிடித்து நம்மேலேயே இறக்கியது. லத்தீனில் விசுவாசப் பிரமாணம் பாடியபோது, சின்ன வயதில் கேட்டது அம்மாவுக்கு ஞாபகம் வந்து அவர்களும் சேர்ந்து பாடினார்கள். எங்களுக்கு வலது பக்கம் நாற்காலியில் ஒரு இத்தாலியப் பாட்டி. பர்லோக மந்திரத்தை அவரவர் மொழியில் சொன்னபோது அம்மா தமிழில் சொன்னார்கள், அந்தப் பாட்டி இத்தாலியத்தில் சொல்லிக்கொண்டே அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார், முடிந்தும் விடவில்லை.

நான் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் மதியம் பார்த்தது கட்டி முடிக்காத கோவிலை. சுவருக்கும் தூணுக்கும் பதிலாக இங்கே ஆட்கள்தான் என்று கணக்குப் போட்டுக் கட்டியிருக்கிறார்கள்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். நுழைவுக் கட்டணம் கிடையாது. ஈஸ்டரிலிருந்து அக்டோபர் வரை போனால்தான் பவனிகளும் பெரிய திருப்பலியும் முழுதாக நடக்கும், குளிர்காலத்தில் போனால் அந்தக் காலி மண்டபம்தான் மிஞ்சும். கோடையிலும் ஒரு சால்வை எடுத்துப் போங்கள், வயதானவர்கள் இருந்தால் கட்டாயம். சக்கர நாற்காலியோடு போகிறவர்கள் முன்கூட்டியே போய்விடுங்கள், தன்னார்வலர்களே முன்னால் கொண்டுபோய் உட்காரவைப்பார்கள், கூட வருகிறவருக்கும் பக்கத்தில் இடம் கிடைக்கும். நடக்க முடிந்தவர்கள் முன்வரிசைக்கு அடித்துப்பிடித்துப் போக வேண்டாம், அது அவர்களுக்கானது. நீள்வட்டத்தின் இரு முனைகளையும் தவிர்த்து, அகலப் பக்கத்தில், நடுவுக்கு நேராக இடம் பிடித்தால் பீடம் கிட்டத்தில் இருக்கும். பயணத் திட்டம் போடுகிறவரிடம் புதன் அல்லது ஞாயிறு காலையைக் கேட்டு வாங்குங்கள், ஒரு சாயங்காலம் ஐந்து மணியையும்.

ஊருக்கு வந்தபிறகு பெரியம்மா வந்து படங்களைக் கேட்டார்கள். கெபி, கோபுரம், மெழுகுவர்த்தி எல்லாம் காட்டினேன். "அந்தப் பெரிய கோவிலைக் காட்டு" என்று அம்மா சொன்னார்கள். உள்ளே எடுத்தது எல்லாமே இருட்டாக, ஒன்றும் தெரியாமல் வந்திருந்தது. தேடிப் பார்த்ததில் வெளியே எடுத்த ஒரு படம் இருந்தது, வெறும் புல்தரை, ஓரத்தில் நடந்து போகும் நாலைந்து பேர். அம்மா போனை வாங்கி அந்தப் புல்லின்மேல் விரலை வைத்து, "இதுக்குக் கீழதான்க்கா, அத்தனை பேரும்" என்றார்கள்.